காலி சேருக்கும் வாடகை

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப் பக்கம் வேட்பாளருக்குத் தேர்தல் கணக்கு எழுதுவது ஒரு சாயங்கால வேலை. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். கடைசி நேரத்தில் ஆள் அனுப்புவது வழக்கம். "தம்பி, வரம்புக்குக் கீழ வர்ற மாதிரி ஒண்ணு எழுதிருங்க" என்பார் அண்ணாச்சி. நோட்டீஸ் அச்சடித்தது, ஜீப்புக்கு டீசல், மைக்செட் வாடகை. பில்லுக்கு என்ன பஞ்சம்? மைக்செட்காரர் எழுதாத பில் புத்தகத்தையே கொடுத்துவிடுவார்.

பஸ் ஸ்டாண்டை மறைத்து நின்ற கட்அவுட்டைப் பற்றிக் கவலையே இல்லை. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் தலையில்தான் எழுத வேண்டும் என்று 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சொன்ன சில வாரங்களிலேயே சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் செருகி, கட்சியும் நண்பர்களும் செய்வது கணக்கில் சேராது என்று ஆக்கிவிட்டார்கள். 2003-ல்தான் அதைக் கத்தரித்தார்கள். ஆகவே அதுவரை கட்அவுட் அபிமானிகள் வைத்தது. பிரியாணி யாரோ நண்பர் வீட்டு விசேஷம். அண்ணாச்சிக்கு இத்தனை நண்பர்கள் இருப்பது அந்த ஒரு மாதம்தான் வெளியே தெரியும்.

எழுதிய கணக்கு கலெக்டர் ஆபீஸ் பீரோவுக்குள் போய்விடும். 1 ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விதி உண்டு. நான் அறிய, பார்க்க வந்தது தோற்றவரின் வக்கீல் மட்டும்.

இப்போது அக்கா மகன் இந்த வேலை பார்க்கிறான். பாவம், தூக்கமில்லை. வேட்பாளருக்குத் தனி வங்கிக் கணக்கு, செலவினப் பார்வையாளர், பறக்கும் படை, வீடியோ குழு. வேட்பாளர் எழுதுவதற்குப் போட்டியாக அதிகாரிகள் எழுதும் நிழல் பதிவேடு வேறு. டீ, வடை, பொன்னாடை, பிளாஸ்டிக் சேர் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் விலைப்பட்டியல். கடைக்காரர் மனமிரங்கி டீயைச் சும்மா கொடுத்தாலும் பட்டியல் விலைதான் ஏறும்.

2021 தேர்தலில் ஒரு கூட்டத்துக்கு 500 சேர் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணியிருந்தார்கள். இவன் 300 எழுதியிருந்தான்.

"சார், மிச்சமெல்லாம் காலி சேர். ஆளே வரலை."

"காலி சேருக்கு வாடகை வாங்க மாட்டாங்களாப்பா?"

ஆளே வரவில்லை என்று எழுதிக் கொடுக்க வேட்பாளர் சம்மதிக்கவில்லை. 500-க்கும் வாடகை ஏறியது.

இத்தனை கறாரையும் நான் கேலி செய்யவில்லை. 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடா புகாரில் ரத்தானபோது மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? விலைப்பட்டியலில் வடைக்கு விலை இருக்கிறது, ஓட்டுக்கு இல்லையே.

மகாராஷ்டிரத்தின் பா.ஜ.க. தலைவர் கோபிநாத் முண்டே 2013-ல் மேடையிலேயே, 2009 தேர்தலில் தனக்கு 8 கோடி செலவானது என்று பேசிவிட்டார். அப்போது வரம்பு 25 லட்சம். தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. கணக்கு எழுதுகிற நாங்கள் அதைத் தொழில் துரோகமாகவே பார்த்தோம்.

2022 முதல் சட்டமன்றத்துக்கு வரம்பு 40 லட்சம். முன்போல பீரோவும் இல்லை, 1 ரூபாயும் வேண்டாம். தாக்கலான கணக்கை ஸ்கேன் செய்து தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஊரே உட்கார்ந்து பார்க்கலாம். யார்தான் பார்க்கிறார்கள் என்று மருமகனிடம் கேட்டேன்.

"நாங்கதான் மாமா." செல்போனைத் திருப்பிக் காட்டினான். பக்கத்துத் தொகுதியில் ஜெயித்தவரின் கணக்கு, பக்கம் பக்கமாக. "இதுல ஒரு அப்ஜெக்‌ஷன்கூட வரலை. இதையே மாடலா வெச்சுக்கப் போறேன்."