எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்தரலாமுங்க

கோவை ரேஸ் கோர்ஸில் விடியக்காலம் நடக்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் பஞ்சு விலை பேசினார்கள், மில் மூடியதைப் பேசினார்கள், அடுத்த முதல்வர் யார் என்று பேசினார்கள். இப்போது கிரியேட்டினின் பேசுகிறார்கள். எங்கள் செட்டில் ஒருவருடைய அசல் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘யூரிக் ஆசிட் அண்ணா’ என்றால் எல்லாருக்கும் தெரியும். இன்னொருவருக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏழுக்குக் கீழே இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் எல்லாரையும் கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்தார். தனக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாக.

இந்தச் சபையில் காட்டிக்கொள்ள ஒரு ரிப்போர்ட்டும் இல்லாமல், ஜாதகம் இல்லாத மாப்பிள்ளைபோல நான் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். என் மச்சினனுக்கு அது பொறுக்கவில்லை. மார்ச் கடைசி வாரம் வீட்டுக்கு வந்தான். “மாமா, வயசு அறுபதத் தொடப் போகுது. எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்தரலாமுங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லியே மாப்ள.”

“ஒண்ணும் இல்லைங்கறதத்தான் எடுத்துப் பாக்கணுங்கறேன்.”

இந்த வாதத்தை வெல்ல எனக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80டி பிரிவில் முழு உடல் பரிசோதனைக்கு 5,000 ரூபாய்வரை கழிவு உண்டு என்றான். வியாதி பயத்துக்கு அசையாத நான் வருமான வரிக்கு அசைந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் விலைப்பட்டியல் தொங்கியது. கோல்டு, டயமண்ட், பிளாட்டினம். நகைக்கடையில்கூட இவ்வளவு பளபளப்பாக அச்சடிப்பதில்லை. டயமண்டில் எழுபத்துச் சொச்சம் டெஸ்ட் என்று போட்டிருந்தது. அந்த எழுபது எப்படி வருகிறது என்பது பிறகு ரிப்போர்ட்டைப் பிரித்தபோதுதான் விளங்கியது. சிறுநீரின் நிறம் ஒரு டெஸ்ட், வெளிர் மஞ்சள். அதன் தோற்றம் இன்னொரு டெஸ்ட், தெளிவு. மொத்தக் கொலஸ்ட்ராலை நல்ல கொலஸ்ட்ராலால் வகுத்து வருகிற ஈவு ஒரு டெஸ்ட், கெட்டதை நல்லதால் வகுத்தால் அது தனி டெஸ்ட். ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் இதையெல்லாம் இலவசமாகச் செய்ய வைத்தார்.

ஸ்கேன் அறை வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தோம். கெத்துக்காக இல்லை. ஆளுக்கொரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து, மூத்திரப்பை முட்டினால் சொல்லுங்கள் என்று உட்கார வைத்திருந்தார்கள். பச்சைச் சேலை கட்டிய ஆயாம்மா இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, “முட்டுதுங்களா?” என்று கேட்டுப் போனார். முட்டுகிறவர் கை தூக்க வேண்டும். தூக்கியவரைக் கூட்டிப்போனால் உள்ளிருந்து, “இன்னும் பத்தாது, குடிக்கச் சொல்லு” என்று குரல் வரும். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், நெற்றியில் வேர்வையோடு, பக்கத்திலிருந்த கொடிவேரி அணைப் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதை என்னால் மறக்க முடியாது.

எல்லாம் முடிந்ததும் கூப்பனுக்கு இரண்டு இட்லி, கொஞ்சம் பொங்கல், ஒரு கேசரி. கேசரி சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தார்கள். அவர்களே ஊட்டி, அவர்களே அளந்து, அவர்களே எச்சரித்தார்கள்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. ஆறு இடத்தில் கறுப்பாகத் தடித்த எழுத்து. வீட்டில் அன்றைக்கு யாரும் டிவி போடவில்லை.

இந்தத் தடித்த எழுத்தைப் பற்றி யாராவது ஒருவர் லேப் கவுன்டரிலேயே பலகை எழுதி மாட்டலாம். பெரும்பாலான டெஸ்ட்களில் ‘நார்மல்’ என்ற எல்லையை எப்படிப் போடுகிறார்கள்? ஆரோக்கியமானவர்கள் பலருடைய ரத்தத்தை எடுத்து, நடுவில் விழுகிற 95 சதவீதத்தை உள்ளே வைத்துக் கோடு கிழிக்கிறார்கள். மீதி ஐந்து சதவீதமும் நல்ல ஆட்கள்தான். கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே ஒரு வியாதியும் இல்லாதவர் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கு 64 சதவீதம் வாய்ப்பு. எழுபது எடுத்துவிட்டு எதுவும் வரவில்லையென்றால்தான் நிஜமாக ஆச்சரியப்பட வேண்டும்.

என்னுடையதில் முக்கியமானது ரத்தத்தில் இல்லை, ஸ்கேனில் இருந்தது. இடது சிறுநீரகத்தில் ஒரு சாதாரண நீர்க்கட்டி. கூடவே முதல் நிலைக் கொழுப்புக் கல்லீரல். பின்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை, ரேஸ் கோர்ஸில் அது இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. நீர்க்கட்டிதான் விஷயம். கையில் டேப்லட் வைத்திருந்த ஒரு பெண், பேக்கேஜ் எடுத்தவர்களுக்குச் சிடி ஸ்கேனில் சலுகை இருக்கிறது, இந்த வாரத்தோடு முடிகிறது, என்று புன்னகையோடு சொன்னார். ஆடித் தள்ளுபடி கேள்விப்பட்டிருக்கிறேன், கதிர்வீச்சில் தள்ளுபடி அன்றுதான் பார்த்தேன். வயிற்றுக்கு ஒரு சிடி எடுத்தால், நெஞ்சு எக்ஸ்ரே பல டஜன் எடுத்த அளவுக்குக் கதிர்வீச்சு. தேவையென்றால் அது ஒன்றும் பெரிதில்லை, உயிரைக் காக்கிற கருவி அது. தேவையா என்பதை யார் சொல்வது? டேப்லட் வைத்திருப்பவரா?

அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு உள்மருத்துவ வாரியத்தின் அறக்கட்டளை ‘சூசிங் வைஸ்லி’ என்றொரு இயக்கம் தொடங்கியது. ஒவ்வொரு துறையின் மருத்துவர் சங்கமும், தங்கள் துறையில் யோசிக்காமல் செய்யக் கூடாதவை எவை என்று தாங்களே பட்டியல் போட வேண்டும். கண் டாக்டர் காது டாக்டரைக் குறை சொல்வது இல்லை. அவரவர் வீட்டுக் குப்பையை அவரவரே பெருக்குவது. நோயாளிகளுக்கு ஐந்து கேள்விகளும் கொடுத்தார்கள். இந்த டெஸ்ட் எனக்கு நிஜமாகவே வேண்டுமா? இதில் என்ன ஆபத்து? இதைவிட எளிதான, பத்திரமான வழி உண்டா? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எவ்வளவு செலவாகும்?

ஐந்தும் நல்ல கேள்விகள். ஆனால் கேட்க வேண்டியது டாக்டரிடம் அல்லவா! உழவர் சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்க ஒன்பது கேள்வி கேட்டு, ஒன்றைக் கிள்ளியும் பார்க்கிற நாம், டாக்டர் அறைக்குள் போனதும் செருப்போடு நாக்கையும் வெளியே விட்டுவிடுகிறோம். நோயாளி வாய் திறக்கும் முன்னால் அடுத்த டோக்கனும் கதவுக்குள் பாதி நுழைந்திருக்கும். அந்தப் பாதி மனிதரின் முன்னிலையில், “இதைச் செய்யாம விட்டா என்னாகுங்க?” என்று கேட்டால், இரண்டு பேருமாக நம்மைப் பார்ப்பார்கள்.

நானும் ஐந்தையும் கேட்கவில்லை. எங்கள் தெருக்கோடி டாக்டரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். எழுபதைத் தாண்டியவர், என் மகளுக்குச் சின்னம்மை பார்த்தவர். “இந்தச் சிடி ரிப்போர்ட்ல நல்லதா வந்தா என்ன பண்ணுவீங்க, கெட்டதா வந்தா என்ன பண்ணுவீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “முப்பது வருசமா யாராச்சும் கேப்பாங்களான்னு இருந்தேன்” என்றார். பிறகு அவர் பேச ஆரம்பித்ததில் வெளியே டோக்கன்கள் கொதித்துப்போயின.

எல்லாரும் டாக்டரைத் திட்டுகிறார்கள். கமிஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்தான். நோயாளியை அனுப்பி வைத்ததற்குக் கமிஷன் கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. விதி போட வேண்டியிருந்தது என்பதிலேயே மிச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். நானே ஒரு லேப்பில், “எந்த டாக்டர் எழுதினாங்க?” என்ற கேள்விக்கு, “நானாத்தான் வந்தேன்” என்றதும் பில்லில் கணிசமாகக் குறைத்துக்கொடுத்தார்கள். குறைந்த தொகை மற்ற நாளில் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்னது வேறு. “ஊசி போடாம அனுப்புனா அடுத்த தெரு டாக்டர்கிட்டப் போயிருவாங்க. ‘அவரு கைராசி போச்சு’ன்னு சொல்லிட்டுப் போவாங்க.” ஊரிலிருந்து வருகிற பாட்டிகளுக்கு ‘குளுக்கோஸ் ஏத்தினால்’தான் தெம்பு. அரை லிட்டர் ஐந்து சதவீதப் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை போட்ட எலுமிச்சை ஜூஸ் அதே வேலையைச் செய்யும். ஆனால் ஜூஸுக்குப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வர மாட்டார்கள்.

காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைடால் டெஸ்ட் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டாம். 1896இல் வந்த டெஸ்ட் அது. டைபாய்டு சகஜமாக உள்ள நம் ஊரில், என்றைக்கோ வந்துபோன கிருமியின் ஞாபகத்தைக்கூட அது இன்றைய வியாதியாகக் காட்டும். நிச்சயமாகத் தெரிய ரத்தத்தைக் கல்ச்சர் செய்ய வேண்டும். “டைபாய்டு லைட்டா இருக்குன்னாங்க” என்று சொல்லிக்கொண்டு ஆன்டிபயாடிக் விழுங்குகிறவர்களை நம் எல்லாருக்கும் தெரியும்.

முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுத்த என் மச்சினனுக்கு எல்4-எல்5 தட்டு பிதுங்கியிருக்கிறதாம். அதை அவன் கதவு எண்போலச் சொல்லித் திரிகிறான். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது, எண்பது வயதில் 84 சதவீதம். தலை நரைப்பதை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில்லை, முதுகு நரைப்பதை எடுக்கிறோம். கால் மரத்துப்போகிறது, சிறுநீர் கட்டுப்பாடு போகிறது என்றால் அது வேறு கதை, உடனே ஓட வேண்டும்.

இதெல்லாம் சில்லறை. தென்கொரியாவில் நடந்ததைக் கேட்டால்தான் பயம் வரும். 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் தைராய்டு கிடையாது. ஆனால் வந்தவர்களிடம், கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்துவிடலாமே என்று ஆஸ்பத்திரிகள் சொல்லின. நம்ம ஊர் வசனம்தான், கொரிய மொழியில். 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. சாகிறவர்கள் விகிதம்? அசையவே இல்லை. சும்மா கிடந்திருக்கக்கூடிய சின்னச் சின்னக் கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் சுரப்பியை எடுத்துவிட்டு ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட்டார்கள். 2014இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே எழுந்து எதிர்த்துப் பேசினார்கள். ஒரே வருடத்தில் அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தன.

அதற்காக ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே, வெந்தயத்தை ஊறவைத்துக் குடி என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கட்சியில் நான் இல்லை. அவர்கள் டயமண்ட் பேக்கேஜைவிட ஆபத்தானவர்கள். நம் ஊருக்கு வேண்டியது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒழுங்காகப் பார்ப்பது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அந்த இரண்டையும் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள். அதில் கேசரி கிடையாது. அதனால்தானோ என்னவோ ரேஸ் கோர்ஸில் யாரும் அதைப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் என் நீர்க்கட்டிக்கு வந்தார் டாக்டர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுவர் மெலிசு, உள்ளே வெறும் தண்ணீர், வயதான சிறுநீரகத்தில் சாதாரணம் என்றார். சிடி வேண்டாம், மருந்து வேண்டாம், மறுபடி வரவும் வேண்டாம். சீட்டில் பெயரையும் ரத்த அழுத்தத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முந்நூறு ரூபாய் ஃபீஸ் கொடுத்தேன்.

வெளியே ஸ்கூட்டரை எடுக்கும்போது வீட்டம்மிணி சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஒண்ணுமே எழுதலையே. இதுக்கா முந்நூறு?”

“ஒண்ணும் எழுத வேண்டியதில்லைன்னு சொன்னதுக்குத்தான் முந்நூறு.”

“அதச் சொல்ல நூறு ரூவா போதாதாக்கு?” என்றவள், சீட்டை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனாள். அஞ்சு நிமிஷத்தில் வந்தாள். முகத்தில் ஒரு திருப்தி, கையில் பத்து நாளைக்கு பி-காம்ப்ளக்ஸ்.