துருவுக்கு வாழ்க்கைப்பட்டவர்

கல்யாண மண்டபம். கெட்டிமேளம் கொட்டுகிறது. கையில் அட்சதையோடு ஒருவர் மட்டும் பின்கட்டில், சமையல் ஆள் சாய்த்து வைத்திருக்கும் சைக்கிளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தால் அவரை எழுப்பாதீர்கள். பின்சக்கர ஹப்பில் படிந்த மசகை வேட்டி நுனியால் துடைத்து ஏதோ எண்ணைப் படித்துக்கொண்டிருப்பார். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பாக இருந்தால் செய்த வருடமும் மாதமும் அதன் மேலேயே பொறித்திருக்கும். '52 8' என்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், அட்சதை அங்கேயே விழும். சைக்கிள் மேல்.

நம்மவர் வங்கியிலோ மின்வாரியத்திலோ கௌரவமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை இருக்கிறது, காலையில் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடந்தார். மூன்றாவது தெருவில் பழைய இரும்புக்கடை இருந்தது. நடை அதோடு நின்றது.

இதற்கு மூலகாரணம் அரைக்கால் டவுசர் காலத்தில் இருக்கிறது. அப்பாவிடம் ஒரு ராலே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேங்காயெண்ணெய் போட்டு அதைத் துடைக்க மட்டும் மகனுக்கு அனுமதி, ஏறக்கூடாது. ஓட்டக் கற்றுக்கொண்டது வாடகைக் கடை வண்டியில், மணிக்கணக்குக் கூலிக்கு, குரங்குப் பெடல் போட்டு, முட்டி தேய்ந்து. அப்பா காலமானதும் அண்ணன் அந்த ராலேயைக் காயலான் கடையில் போட்டுவிட்டார். அண்ணன் தம்பிக்குள் இன்றைக்கும் சரியாகப் பேச்சு இல்லை. ஊர் அதைச் சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

வண்டிகளில் அவர் குலம் கோத்திரம் பார்ப்பார். முதல் கேள்வி, "இங்கிலீஷ் வண்டியா, நம்ம ஊரா?" ராலே என்றால் நாட்டிங்காமா, ஆசன்சோல் சென்-ராலேயா? ஹெர்குலிஸ் என்றால் பர்மிங்காமா, அம்பத்தூரா? 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த வண்டி என்று தெரிந்தால், "ம்… நல்ல வண்டிதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தபால்காரரையும் பால்காரரையும் இரண்டு நெல் மூட்டையையும் சுமந்தது அம்பத்தூர் வண்டிதான். நாட்டிங்காம் வண்டி பெரும்பாலும் வக்கீல்களைத்தான் சுமந்தது.

வேட்டைக்கு அவர் போகும் திசை காரைக்குடிப் பக்கம். முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலை கேட்டு வாயடைத்துப்போய், அங்கிருந்து கிராமங்களுக்குள் இறங்குவார். ஒரு வேட்டையில் நானும் உடன் இருந்தேன். பெரிய வீடு, பின்வாசல் தாழ்வாரம், சுவரோரம் ஒரு வண்டி.

"ஆச்சி, இது சும்மாத்தானே கெடக்கு?"

"சும்மா எங்க கெடக்கு? அதுலதான் ராத்திரி கோழி அடையுது."

"ஒரு எழுநூறு தர்றேன். இரும்பு விலைக்கு இது ஜாஸ்தி."

பேச்சு நன்றாகத்தான் போனது. அதற்குள் நம்மவர் முன்பக்கத் தகட்டில் இருந்த எச்சத்தை விரலால் சுரண்டிவிட்டார். உள்ளே ராலேயின் சின்னமான நாரையின் தலை தெரிந்தது. "அடடா!" என்று சொன்னார். அந்த ஒரு 'அடடா'வுக்கு விலை இரண்டாயிரத்து முந்நூறு.

"எங்க அப்பச்சி பர்மாவுலேருந்து கொண்டாந்த வண்டி. மூவாயிரத்துக்குக் கம்மியா இல்ல. கோழிக்கு வேற எடம் பாக்கணும்ல?"

வண்டி வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து வீடு வீடாக இருக்காது. பெடல் கட்டையைக் கழற்றக் காட்டர் பின்னைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிப்பார். பால்ரஸ் குண்டுகள் மண்ணெண்ணெயில் ஊறும், சாம்பார் கரண்டியோடு. பித்தளை மணிக்குப் புளி போகும். முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ், பின்சக்கரத்துக்கு 40. ஒவ்வொன்றாகக் கழற்றி உப்புத்தாள் போட்டு, எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று வீட்டையே புரட்டுவார். அது பூச்செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கும். மாமி சொன்னார்: "தம்பி, எங்கப்பா இவரைப் பார்த்து நல்ல உத்தியோகம்னுதான் கட்டி வச்சாரு. துருவுக்கு வாழ்க்கைப்பட்டது அவருக்கும் தெரியாது."

பிறகு மரைப் பிரச்சினை. மற்ற கம்பெனிகள் பெடல் அச்சுக் குழலுக்கு ஓர் அங்குலத்துக்கு 24 மரை வெட்டினால், ராலே தன் வண்டிக்கு 26 மரை வெட்டியது. ஆகவே லூதியானா சாமான் இதில் ஏறாது. ஒரு கப்புக்காக நம்மவர் மூன்று மாவட்டம் அலைவார். மூலைக்கடை மெக்கானிக் பாய் இதைப் பார்த்துவிட்டு, "சார், இந்த பஸ் காசுக்குப் புது வண்டியே எடுத்திருக்கலாமே" என்பார். பாயோடு ஒரு வாரம் பேச்சு வார்த்தை நிற்கும். எட்டாம் நாள் வீல் கோட்டம் எடுக்க அவரிடம்தான் போயாக வேண்டும்.

பெயிண்ட் விஷயத்தில் இந்த இனத்துக்குள் இரண்டு கட்சி. இருக்கும் பெயிண்டைத் தொடவே கூடாது, துருவைத் துடைத்து எண்ணெய் தடவி அப்படியே வைக்க வேண்டும் என்பது ஒன்று. பொட்டுத் துரு இல்லாமல் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, கண்ணாடி மாதிரிக் கறுப்பு ஏற்ற வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் ஒன்றுசேரும் இடம் ஒன்றே: பவுடர் கோட்டிங் அடித்தவனைத் திட்டும் இடம். அது தடிப்பாகப் படிந்து, பிரேமில் பொறித்த நம்பரையே மூடிவிடும். நம்பர் போனால் வயது போச்சு; வயது போனால் பெருமை பேச என்ன இருக்கிறது?

கறுப்பு காய்ந்ததும் தங்கக் கோடு. இந்தக் கட்டத்தில்தான் எனக்கும் நம்மவர் மேல் மரியாதை வந்தது. மட்கார்டிலும் பாரிலும் ஓடும் அந்த மெல்லிய கோட்டை ஸ்டிக்கராக ஒட்டிவிடலாம். அவர் ஒப்பமாட்டார். ஊரில் போர்டு எழுதிப் பிழைத்து, பிளெக்ஸ் வந்ததும் தூரிகையை மூட்டை கட்டிவிட்ட பெரியவரைத் தேடிக் கூட்டிவந்தார். பெரியவர் நீள மயிர்த் தூரிகையைப் பெயிண்டில் தோய்த்து, கண்ணாடித் துண்டில் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சுண்டுவிரலைக் குழாயின் விளிம்பில் ஊன்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அடிமட்டம் இல்லை, டேப் இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடிப்பு மாறவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் மூச்சு விடவில்லை. "கை மறந்துருக்கும்னு நெனச்சேன்" என்றார் பெரியவர். நம்மவர் பேரம் பேசாமல் காசு கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆக வண்டி தயார். ப்ரூக்ஸ் தோல் சீட்டு எண்ணெய் குடித்து மின்னுகிறது. லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்து டைனமோவும், வரி கட்டியதற்கு நகராட்சி கொடுத்த வில்லையும் அதனதன் இடத்தில். நடுக்கூடத்தில் நிறுத்தி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பேரன் தொட வந்தால், "துடைக்கிறதா இருந்தா துணி தர்றேன். ஏறக்கூடாது." சொன்னபிறகு கொஞ்ச நேரம் யாரையோ நினைத்துக்கொண்டு நிற்பார்.

"ஏங்க, கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவார். வெயிலில் கறுப்பு வெளுத்துவிடுமாம். அவரிடம் இப்போது ஒன்பது சைக்கிள் இருக்கிறது. சர்க்கரை இருநூற்று நாற்பது.

உங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையிலோ மாடிப்படிக்கு அடியிலோ தாத்தாவின் வண்டி ஏதாவது சாய்ந்துகிடக்கலாம். தெரியாத ஒரு பெரியவர் வந்து தண்ணீர் கேட்டு, குடித்துவிட்டும் போகாமல் நின்றால், செம்பை வாங்கிக்கொண்டு ஹப்பில் இருக்கும் எண்ணை முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். விலையை அப்புறம் சொல்லலாம்.