முற்று மோனைக்கு விலை ரூ. 5,001

எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. மோனை இருக்கிறது. இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

சித்தூர் மார்க்கெட்டுக்குப் பை எடுத்துக்கொண்டு போனால், கத்தரிக்காய், கருணைக்கிழங்கு, கறிவேப்பிலை என்று வாங்கி வந்து நிற்பேன். வீட்டில் சொல்லி அனுப்பியதோ தக்காளியும் வெங்காயமும். "சீர் பாத்து வாங்காதீங்க, செலவு பாத்து வாங்குங்க" என்பாள் மனைவி. திட்டு என் காதில் விழாது. 'சீ'யும் 'செ'யும் மோனை ஆயிற்றே என்று மனசு துள்ளும்.

இந்த நோய்க்கு இலக்கணம் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அடியிலோ சீரிலோ முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. அதே எழுத்தே வரவேண்டும் என்றுகூட இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். மெய்யிலும் சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம் என்று சம்பந்தி உறவு உண்டு. நாலு சீர் உள்ள அடியில் எந்தெந்தச் சீரில் வருகிறது என்று பார்த்து இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என ஏழு வகை. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையை நான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். மற்றவர்கள் அந்த இடத்தில் தைலம் வைத்திருப்பார்கள்.

அதனால் காலையில் "காபி கொடு" என்று கேட்க மாட்டேன். 'கா'வுக்கும் 'கொ'வுக்கும் ஒத்துவராது. "காபி கலந்தாச்சா?" என்பேன். உள்ளேயிருந்து பதில் வரும்: "காபி கீபி எல்லாம் இல்ல. பால் திரிஞ்சு போச்சு."

காபி போனது போகட்டும், அந்தக் 'கீபி'யைப் பாருங்கள். எதுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: முதலெழுத்து அளவொத்து நிற்கவேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். காபிக்குக் கீபி, பணத்துக்குக் கிணம், கவிதைக்குக் கிவிதை. காரிகையைக் கண்ணால் பார்க்காதவள் ஓர் இடத்தில்கூடத் தவறுவதில்லை. முதலெழுத்தை அடித்துத் தள்ளிவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டால், அந்தப் பொருளுக்கு வீட்டில் மரியாதை இல்லை என்று அர்த்தம். எதிர்வீட்டுத் தெலுங்கு மாஸ்டர் வீட்டிலும் இதே கீபிதான். அங்கே கொஞ்சம் அழுத்தி உச்சரிப்பார்கள்.

அந்த மாஸ்டர்தான் எனக்குத் துணை நோயாளி. தெலுங்கில் விருத்தப் பத்யத்தின் நான்கு அடிகளிலும் இரண்டாம் எழுத்து ஒன்றவேண்டும். அதற்குப் பிராச என்று பெயர். நம் எதுகையேதான். அடியின் முதலெழுத்துக்கு இணையான எழுத்து நடுவில் சொன்ன இடத்தில் வந்தே தீரவேண்டும், அது யதி. உத்பலமாலையில் பத்தாவது எழுத்து, சம்பகமாலையில் பதினொன்றாவது. சமஸ்கிருதத்தில் யதி என்றால் நிறுத்தம் மட்டுமே. தெலுங்கில்தான் அது மோனைக்கு அண்ணன். "உங்களுக்கு சமஸ்கிருத யதிதான் சார் தேவை" என்று ஒருநாள் சொன்னார். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாதாம்.

எங்கள் ஊர்வாசிகளுக்கு எல்லை தெரியாமல் போவதில் வியப்பில்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வேங்கடத்தை வட எல்லையாக வைத்தது. சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911 ஏப்ரல் 1. திருத்தணியைப் பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தது 1960 ஏப்ரல் 1. எங்கள் வரலாற்றுக்கு முட்டாள்கள் தினத்தின்மேல் அப்படி ஒரு பிரியம். 2022-ல் மட்டும் கொஞ்சம் தெளிந்து ஏப்ரல் 4-இல் திருப்பதியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். மனைவியின் தாய்வீடு வேறு மாவட்டமாயிற்று. மாமியார் வீட்டுக்கும் எனக்கும் இடையே அரசாங்கமே கோடு போட்டபின் நான் சும்மா இருந்திருக்கலாம்.

இருக்கவில்லை. திருப்பதியில் மச்சான் கல்யாணம். வாழ்த்துமடல் எழுதுகிறேன் என்று நானாகவே கை தூக்கினேன். எல்லாரையும் ஒருவழியாக மோனையில் அடைத்துவிட்டேன். பெரிய மாமா மட்டும் மிச்சம். என் மனைவிக்குப் பெரியப்பா. லட்டு பிறக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு, ஒரே லட்டைப் பதினோரு வீட்டுக்குப் பங்கு வைப்பவர். எங்கள் வீட்டுக்கு வந்த பங்கில் அரை முந்திரி இருந்தது. அதுவும் யாரோ கடித்த மாதிரி.

அவருக்கு என்ன எழுதுவது? 'மா'வில் தொடங்கியாயிற்று. மகரத்துக்கு வகரம் உறவு. விடியற்காலை மூன்று மணிக்கு வந்து விழுந்தது: 'மாமா மலையடி வாழும் வள்ளல்.' நாலு சீரிலும் மோனை. முற்று மோனை! மனைவியை எழுப்பிச் சொன்னேன். "யாரு வள்ளல்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தெலுங்குக் கவி அன்னமாச்சாரியார் அந்தத் திருப்பதி மலையில் பாடிய கீர்த்தனைகள் முப்பத்திரண்டாயிரம் என்பது மரபு. யதியும் பிராசமும் சொன்னபடி கேட்கும் கை. அவற்றைப் பொறித்த செப்பேடுகள் திருமலைக் கோயிலுக்குள், உண்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றறையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து, 1922-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. என் மடலுக்கு அந்தப் பொறுமை இல்லை. முகூர்த்தத்தன்றே முந்நூறு பிரதி, தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு ஊர் முழுக்கப் போயிற்று.

மூன்றாம் நாள், ஒரு பஜனைக் கோயில் திருப்பணிக்காரர்கள் மஞ்சள் தடவிய ரசீதுப் புத்தகத்தோடு பெரிய மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். கையில் என் மடல். வள்ளல் என்று அச்சில் வந்தவர் இல்லை என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? மாமா மடலை வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டு, கடைசி வரியில் இருந்த என் பெயரைக் காட்டினார். "இதை எழுதினவர்தாம்பா அந்த வள்ளல். தன் பேரை வெளிய சொல்ல மாட்டார். சித்தூர்ல இருக்கார்." விலாசமும் கொடுத்திருக்கிறார். அவர் வாழ்நாளில் தாராளமாகக் கொடுத்தது அது ஒன்றுதான்.

நாலு பேர் பஸ் பிடித்து வந்தார்கள். சீருக்கு ஒருவர். பேரம் பேசிப் பார்த்தேன். வள்ளல் பேரம் பேசலாமா என்றார்கள். ஐயாயிரத்து ஒரு ரூபாயில் முடிந்தது. காபியும் கொடுத்தேன், அன்றைக்கென்று பால் திரியவில்லை.

அவர்கள் போனபின் மனைவியிடம் புலம்பினேன். "மோனைக்காக எழுதினேன்டி. வேற வார்த்தை கிடைக்கல."

"ஏன் கிடைக்கல? மாமான்னு ஏன் ஆரம்பிச்சீங்க? எங்க வீட்டுல எல்லாரும் சொல்றதத்தான் எழுதறது. பெரியப்பா, பிசினாறி."

காரிகையை எடுத்துப் புரட்டினேன். இகரமும் எகரமும் ஓரினம். பெ, பி: குற்றம் சொல்ல முடியாத மோனை. தெலுங்கு மாஸ்டரிடம் ஓடினேன். அவர்கள் யதியிலும் செல்லுமாம். பிசினாரி என்ற சொல்லும் அவர்களிடம் அப்படியே இருக்கிறதாம்.

வாழ்த்துமடல் எழுதும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மைக்கும் மோனை உண்டு. முதலில் அதைத் தேடுங்கள். பொருந்திவிட்டால் எழுதாமல் விடுங்கள். பொய்க்கு மோனை பிடித்தீர்களானால், ரசீது உங்கள் பெயருக்குத்தான் வரும்.