கோடு ஒட்டிய போத்தல்

சுங்காய்ப் பக்கத் தோட்டங்களில் பால்மரம் நின்ற காலத்தில், பிள்ளை இருமினால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரிடம்தான் போகவேண்டும். காலிப் போத்தலை நாமே கழுவி எடுத்துப் போவோம். மிக்சரை ஊற்றி, பல்பல்லாக வெட்டிய காகிதத்தைப் போத்தலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். ஒரு பல், ஒரு வேளை. சட்டையை விலக்கி நெஞ்சைப் பார்க்காமல் அவர் எந்தப் பிள்ளைக்கும் மருந்து தந்ததில்லை. "கைப்பிள்ளைக்கு இது வேணாம்மா, இங்க தூக்கிட்டு வா" என்பார்.

எல்லாமே சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பாட்டிமார் கைக்குழந்தையின் மார்பில் கோடாலித் தைலம் தேய்த்தார்கள். கற்பூரமும் மெந்தோலும் அந்த வயதில் மூச்சையே திணறடிக்கக்கூடும். நாக்கில் தேன் தடவினார்கள். ஒரு வயது ஆகும்வரை தேன் ஆகாது.

இன்று தோட்டமெல்லாம் செம்பனை. மருந்துக்கடையில் இருமல் மருந்து வகைவகையாக இருக்கிறது. அன்று கிடைத்த கொஞ்ச மருந்துக்கு அத்தனை கணக்கு. இன்று கொட்டிக்கிடப்பதை அடுப்படிக் கரண்டியால் ஊற்றுகிறோம். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். போத்தலோடு வரும் மில்லி கோடு போட்ட மூடியோ சிரிஞ்சோதான் சரி. சளியை இளக்கும் மருந்து, இளகியதை இருமி வெளியேற்றத் தெம்புள்ளவர்களுக்கானது. பச்சைப்பிள்ளைக்கு அந்தத் தெம்பு இல்லை. 2 வயதுக்குள் கடை இருமல் மருந்தே வேண்டாம். 6 வயதுவரை டாக்டரோ மருந்தாளரோ சொன்னால் மட்டும் கொடுக்கலாம். சாதாரண சளி இருமல் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

இந்தியாவுக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் சிரப்தான் எனக்குப் பெரிய பயம். 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா வட்டாரத்தில் சிறுநீரகம் செயலிழந்து பிள்ளைகள் இறந்தார்கள், இருபதுக்கும் மேல். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு ஆய்வில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. 2022இல் காம்பியாவிலும், நமக்குப் பக்கத்து இந்தோனேசியாவிலும் இதே கொடுமை நடந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மலேசியாவில் பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத போத்தலை, கொண்டுவந்தது சொந்தத் தம்பியே ஆனாலும், பிள்ளை வாயில் வைக்காதீர்கள்.

அன்று ராத்திரியில் மூச்சு வாங்கினால் தோட்டத்து லாரி கிடைக்கவேண்டும். இன்று வாசலில் கார் நிற்கிறது. ஆனாலும் இன்னொரு கரண்டி மருந்து கொடுத்து, விடியட்டும் என்கிறோம். மூச்சு வேகமானாலோ, விலா இடுக்கில் தோல் உள்ளே இழுத்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ உடனே பக்கத்திலுள்ள சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக்குக் காரை விடுங்கள்.