பொருளாதாரம் மீண்டதாம், என் சங்கிலி மீளவில்லை

அனுப்புநர்:
ஐந்து சவரன் சங்கிலியின் உரிமையாளர் (என்று சொல்லிக்கொள்பவள்),
காவிரிக் கடைமடை.

பெறுநர்:
இந்திய ரிசர்வ் வங்கி,
மத்திய அலுவலகம், மும்பை.

பொருள்: என் சங்கிலி என்னுடையதுதான் என்று நிரூபித்தல் – தொடர்பாக.
பார்வை: நகைக்கடன் குறித்த தங்கள் வரைவு, நாள் 09.04.2025.

ஐயா,

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழக் கால் பங்கு சுருங்கியது. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் ஒற்றைப் பையோடு ஊருக்குத் திரும்பினார். அந்த நேரத்தில் எங்களை மறக்காதவர் தாங்கள்தான். ஆகஸ்ட் 6 அன்று, நூறு ரூபாய் நகைக்கு 75 ரூபாய் வரை கடன் என்றிருந்த வரம்பை 90 ரூபாயாக உயர்த்தினீர்கள். பசித்தவனுக்குச் சிலர் சோறு போடுவார்கள். தாங்கள் அவன் பெண்டாட்டி கழுத்துக்கு மதிப்புக் கூட்டினீர்கள். மறுவாரமே சங்கிலியைக் கழற்றினேன்.

பிறகு நாடு மீண்டுவிட்டதாகச் சொன்னார்கள். 2020 மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே கிடந்த சென்செக்ஸ், 2021 ஜனவரி 21 அன்று 50,000ஐத் தாண்டியது. “நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் அதுல ஏறியிருக்காங்களா?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். “அந்த வண்டி நம்மூர்ல நிக்காது” என்றார்.

படித்தவர்கள் இதை ‘கே’ வடிவ மீட்சி என்கிறார்கள். அந்த ஆங்கில எழுத்தைப் போல ஒரு கோடு மேலே போகுமாம், ஒரு கோடு கீழே இறங்குமாம். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. மீட்சி நன்றாகத் தெரியும். அறுப்பு முடிந்ததும் அதற்காகத்தான் வங்கிக்கு ஓடுகிறோம். பொருளாதாரம் எப்படியோ மீண்டுவிட்டது. என் சங்கிலிக்குத்தான் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

2022-23இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு ஜிடிபியில் 5.1 விழுக்காடாகச் சரிந்ததென்று தாங்களே கணக்குக் காட்டினீர்கள். அரை நூற்றாண்டில் அவ்வளவு இறங்கியதில்லை என்றார்கள். நிதி அமைச்சகம் கவலைப்படவில்லை: மக்கள் வீடும் வண்டியும் வாங்குகிறார்கள் என்றது. எங்கள் தெருவில் விசாரித்தேன். வீடு மாறியது நகைகள்தான். எல்லாம் வங்கிப் பெட்டகத்துக்குக் குடிபோயிருந்தன.

அதே 2022-23இல் நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காடு, மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் இருந்ததாக உலக சமத்துவமின்மை ஆய்வகம் 2024இல் சொன்னது. அவர்களில் எத்தனை பேர் அதற்கெல்லாம் ரசீது வைத்திருக்கிறார்கள் என்பது அந்த ஆய்வில் இல்லை.

இப்படியொரு நிலைமையில் வேறு ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? 2011இல் நியூயார்க்கில் ‘நாங்கள் 99 விழுக்காடு’ என்று முழங்கி, வால் ஸ்ட்ரீட் பக்கத்துப் பூங்காவில் கூடாரம் போட்டார்கள். நாங்கள் அடக்கமானவர்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு நகைக்கடன் கவுன்ட்டர் முன்னால் உட்காருகிறோம். 2025 மார்ச் வாக்கில் வங்கிகளின் நகைக்கடன் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி, ஓராண்டில் ஏறக்குறைய இரு மடங்கானது. எங்கள் போராட்டத்தின் அளவு அதுதான், ஐயா. கோஷம் கேட்காததால் அதை வளர்ச்சி என்று எழுதிக்கொண்டீர்கள்.

முன்பெல்லாம் வட்டியைக் கட்டி நகையை மாற்றி வைப்போம். 2025 தொடக்கத்தில் எங்கள் வங்கியில், “அசலும் வட்டியும் மொத்தமா கட்டும்மா, நாளைக்கு வந்து திரும்ப வை” என்றார்கள். அசல் கையில் இருந்தால் அங்கே எதற்கு வரப்போகிறேன் என்று கேட்டேன். “மேலிடத்து உத்தரவு” என்றார் மேலாளர். வாசலிலேயே ஒருவர் பணத்தோடு நின்றார். ஒரு ராத்திரிக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. கிராமப்புறத்தில் இப்படியொரு சுயதொழில் முளைத்ததை ஆண்டறிக்கையில் சேர்க்கலாம்.

அதற்கப்புறம்தான் ஏப்ரல் வரைவு வந்தது. நகை அடகு வைப்பவருடையதுதானா என்று சரிபார்க்க வேண்டுமாம். அதே வாரம் சவரன் 70,000 ரூபாயைத் தாண்டியது. எங்கள் மதிப்பு மட்டும் இறங்கியது. விவசாயிகள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், முதல்வர் கடிதம் எழுதினார், நிதி அமைச்சகமே சிறு கடன்காரர்களை விட்டுவிடச் சொன்னது. ஜூன் 6 அன்று தாங்கள் இறங்கி வந்தீர்கள். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை. ரசீது இல்லையென்றால் உறுதிமொழி போதும். நன்றி. இதோ என் உறுதிமொழி:

மேற்படி சங்கிலி, என் அப்பாயியின் காசுமாலையாக இருந்தது. அத்தைகள் இருவர் கல்யாணத்துக்குப் பாதி போக, மீதியை அழித்து அம்மாவுக்கு இரட்டைவடம் செய்தார் ஆசாரி. அவர் ரசீது தரவில்லை. ஒரு படி நெல்லும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டார். அம்மாவின் இரட்டைவடம் என் கல்யாணத்தில் ஒற்றைச் சங்கிலியானது. மூன்று தலைமுறையில் இந்தத் தங்கம் எங்கள் கழுத்தில் கிடந்த நாளைவிட அடகில் கிடந்த நாள்தான் அதிகம். உரிமையாளர் யார் என்பதில் எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது.

உறுதிமொழி எழுதும்போது பழைய சுற்றறிக்கை ஒன்று நினைவுக்கு வந்தது. 2023 ஜூன் 8. வசதி இருந்தும் வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களோடும் வங்கிகள் சமரசம் செய்துகொள்ளலாம் என்று சொன்னீர்கள். நான் வேண்டுமென்றே கட்டாதவள் இல்லை, முடியாமல் கட்டாதவள். அந்தத் தகுதிக்குச் சமரசம் கிடையாதா? 2024 மார்ச் வரையான பத்து ஆண்டுகளில் 12 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வாராக்கடன் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அது தள்ளுபடி இல்லை, வசூல் தொடரும் என்கிறீர்கள். நம்புகிறேன். எங்கள் ஊரிலும் நகை மூழ்கினால் தொலைந்துபோய்விடாது, வேறொருத்தி கழுத்தில் தொடரும்.

தங்களுக்கு இந்த வலி தெரியாது என்று நான் சொல்லவில்லை. 1991இல் கையில் டாலர் தீர்ந்தபோது ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தவர்தானே தாங்கள்? “இது உன் பாட்டி போட்டதா, ரசீது எங்கே?” என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 2024இல் இங்கிலாந்திலிருந்து நூறு டன்னுக்கு மேல் தங்கத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தீர்கள். அந்தச் செய்தியைப் படித்து நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். வெளியே கிடந்த நகை வீடு திரும்புவது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. கடன் தொகையைத் தங்கள் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகத் தந்தார்கள். அவ்வளவு பணம் தருவதாகத் தங்கள் ஆளுநர் அதில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வாக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் ‘ஐந்நூறு ரூபாய்’ என்று மட்டும்தான் இருக்கிறது. என்ன வாக்கு என்று படிக்கத் தெரியாமலேயே, உரசிப் பார்க்காமல், ரசீது கேட்காமல், எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் காகிதத்தை நம்புபவள்.

இணைப்பு: அடகுச் சீட்டு நகல் – 1. (அசல் சீட்டை அனுப்ப இயலாது, எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் ஒரே நகை அதுதான்.)