வெள்ளெழுத்தும் மட்டநிலத்தண்டும்: ஏரல் வட்டார முதிய மாணாக்கர் குறித்த ஓர் ஆய்வு

பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, கால் நூற்றாண்டு கழித்து அதைத் தேடி எடுப்பவரே மேனிலை உயிரியலின் முதிய மாணாக்கர். ஏரல், ஆத்தூர், முக்காணி எனத் தாமிரபரணி கடலை நெருங்கும் ஊர்களில் இவ்வினம் அரிதாகவே கண்ணில் படும். பட்டாலும், பாடநூல் தினத்தாளுக்குள் ஒளிந்திருக்கும்.

விதிகள் இவருக்குச் சாதகமானவை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மேனிலை உயிரியலில் (பாட எண் 314) சேரக் குறைந்த வயது 15. உச்ச வரம்பு கிடையாது. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். அதற்குள் 9 முறை தேர்வு எழுதலாம். எழுத்துத் தேர்வுக்கு 80, செய்முறைக்கு 20, தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. பெண் பார்க்கப் போகிறவருக்குக்கூட ஏரலில் ஒன்பது வாய்ப்பு கிடைப்பதில்லை.

தோல்விக்குக் காரணம் மறதி என்பது பொதுநம்பிக்கை. இது ஆதாரமற்றது. ஜெர்மானியரான எபிங்காஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, மறந்ததை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவியது. சோதனை தொடங்கியபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான். எனவே மறதி முதியோரின் தனிச்சொத்து அன்று. நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது எந்த வயதுக்கும் மருந்து.

உண்மையான இடையூறு, பாடம் ஏற்கெனவே தெரிந்திருப்பது.

வாழையை எடுத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டு ஏத்தன் பயிரிட்டவரிடம் வாழையின் தண்டு எங்கே என்று கேட்டால், கேட்டவரை ஒரு தினுசாகப் பார்ப்பார். பாடநூலின்படி வெளியே நிற்பது தண்டே அல்ல. இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிய போலித்தண்டு. மெய்யான தண்டு மண்ணுக்குள் மட்டநிலத்தண்டாகக் கிடக்கிறது. குலை தள்ளும் பருவத்தில்தான் அது நடுவே ஏறி வருகிறது. பொரியலுக்கு நறுக்குவது அந்தப் பகுதியை. விதை ஏன் இல்லை என்ற கேள்விக்கு, “பக்கக்கன்று இருக்கையில விதை எதுக்கு?” என்பது விவசாயியின் விடை. ஏத்தன் மும்மயம், குன்றல் பகுப்பு ஒழுங்காக நடவாது, ஆகவே விதை இல்லை என்பது தேர்வாளர் விரும்பும் விடை. முன்னதற்கு மதிப்பெண் இல்லை என்பது முறையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்க வேண்டும்.

பனையிலும் இதே சிக்கல். ஆண்பனை எது, பெண்பனை எது என்பது பனையேறிக்கு மனப்பாடம். அதையே பாடநூல் ‘ஈரில்லத் தாவரம்’ என்றால், ஊரில் இரண்டு வீடு வைத்திருக்கும் ஒருவரின் முகமே நினைவுக்கு வருகிறது. தேர்வில் அவர் பெயரை எடுத்துக்காட்டாக எழுதக் கூடாது. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஈஸ்ட்டின் நொதித்தலைத் தடுக்க என்பதும், வெற்றிலைக் கொடிக்காலின் அகத்தி கொடிக்குப் பிடிமானம் தருவதோடு வேர்முடிச்சுகளில் நைட்ரஜனையும் நிலைப்படுத்துகிறது என்பதும், செயலைத் தெரிந்து பெயரைத் தெரியாத இனத்தவை. இவருக்குத் தேவை புதிய அறிவு அல்ல, மொழிபெயர்ப்பாளர்.

உடற்செயலியலில் நிலைமை தலைகீழ். அங்கே முதியவரை எந்தப் பதினேழு வயதும் வெல்ல முடியாது. லாங்கர்ஹான்ஸ் திட்டுகளின் பீட்டா செல்கள் இன்சுலின் சுரக்கின்றன என்பதை இளையவர் உருப்போட வேண்டும். முதியவருக்கு அது மாதந்தோறும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் செய்தி. மனைவியின் தைராய்டு, அண்ணனின் ஸ்டென்ட், சொந்த முழங்கால் ஆகியவற்றைச் சேர்த்தால் இரண்டு அலகு முடிந்துவிடும்.

டீக்கடையைத் தனியே குறிப்பிட வேண்டும். “அண்ணாச்சி, இனிமே படிச்சு கலெக்டராவா ஆவப் போறிய?” என்ற வினா கிரெப்ஸ் சுழற்சியைவிட அதிகப் பேரைப் படிப்பிலிருந்து விலக்கியிருக்கக் கூடும். மறுமொழிக்கு ஒரு மெய்ச்செய்தி உண்டு. தென்காசிப் பக்கத்தில் 49 வயதுப் பெண்மணி ஒருவர், நீட் எழுதவிருந்த மகளோடு சேர்ந்து படித்து, 2025-இல் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். இதைச் சொன்னதும் டீக்கடை நீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். மாணாக்கர் எழுந்து வந்துவிடலாம்.

எஞ்சுவது செய்முறை. வெங்காய வேர்நுனியை நுண்ணோக்கியில் காணும்போது வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். அக்குறையைக் குவியத் திருகு ஈடுகட்டிவிடும். படம் வரைந்து பாகம் குறிக்கையில் கண்ணாடி மறுபடி வேண்டும். அதைக் கழற்றி எங்கே வைத்தோம் என்பதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.