சாவியைத் தொடாதே மருமவனே!

வா மருமவனே, உக்காரு. நாற்காலி காய்ஞ்சுதான் கெடக்கு, தைரியமா உக்காரு. உன் கார் சீட்டு மாதிரி இல்ல.

என்ன, பாதி விலைக்கு ஒரு காரு வந்திருக்கா? ரெண்டே வருசம்தான் ஓடியிருக்கா? ஓட்டுனவரு டாக்டரா? நானும் ரொம்ப நாளா பாக்கேன், விலைக்கு வாற காரையெல்லாம் டாக்டருதான் ஓட்டியிருக்காவ. வாழைத்தார் ஏத்தின காரு ஒண்ணுகூட விலைக்கு வந்ததாத் தெரியல.

இரு, காப்பியக் குடி. பழைய காருக்குத் துட்டி கேட்டுட்டுப் புதுக் காரு பேசுவோம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரில உன் அடுக்குமாடிக்கு அடியில, பூமியத் தோண்டிக் கட்டுன எடத்துல காரு நின்னுது. நீ அத பார்க்கிங்குங்க. நம்ம ஊருல அதுக்குக் கிணறுன்னு பேரு. வேளச்சேரிக்குள்ள ஒரு ஏரி, பக்கத்துலயே பள்ளிக்கரணை சதுப்பு. தண்ணி அதுபாட்டுக்கு அது வீட்டுக்குத்தான் போயிருக்கு. உன் காருதான் நடுவழியில படுத்துக் கெடந்திருக்கு.

மறுவருசம் அக்டோபர்ல மழை வரும்னு சொன்ன உடனே, உங்க ஊரு சனங்க காரையெல்லாம் கொண்டுபோயி வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா நிப்பாட்டுனாவ. டிவில பாத்து ஊரே சிரிச்சுது. நான் சிரிக்கல. ஆத்துல வெள்ளம் வருதுன்னா மாட்ட அவுத்து மேட்டுல கட்டுதோம்லா, அதேதான் இதுவும். படிச்சவன் ஒரு தடவ முங்குனாத்தான் மாட்டுக்காரன் புத்தி வருது.

சரி, உன் காரு கதைக்கு வருவோம். மிக்ஜாம் தண்ணி வடிஞ்சுது. நீ என்ன செஞ்ச? "ஸ்டார்ட் ஆவுதான்னு பாத்தேன் மாமா"ன்ன. அங்கதான் சோலி முடிஞ்சுது.

சைக்கிள் பம்புல காத்த அமுக்கலாம். அதே பம்புல தண்ணிய நிரப்பி, வாயப் பொத்திக்கிட்டு அமுக்கிப் பாரு, நகருதான்னு. காத்து போற வழியா இன்ஜினுக்குள்ள தண்ணி போயி உக்காந்திருக்கு. நீ சாவியத் திருகுத. பிஸ்டன் ஏறி வருது. தண்ணி அமுங்க மாட்டேங்கு. அப்ப வளையறது யாரு? நடுவுல கெடக்க கனெக்டிங் ராடுதான். வெள்ளம் உன் கார நனைச்சுது, அவ்வளவுதான். கொன்னது நீ.

சாவியத் தொடாம இருந்திருந்தா என்ன செலவு? ஒண்ணுமில்ல. செவத்துல தண்ணி நின்ன கோட்டோட சேத்து நாலு போட்டோ. பேட்டரில நெகட்டிவ் ஒயரக் கழத்திவிடு. இன்சூரன்ஸ்காரனுக்கு ஒரு போன். அப்புறம் பைய லாரில ஏத்திப் பட்டறைக்கு அனுப்பு. கயித்தக் கட்டி இழுக்கப்படாது. ஆட்டோமேட்டிக் கியரு வண்டின்னா கயித்த நெனைக்கவே கூடாது. மெக்கானிக்கு ஆயில் கம்பிய உருவுவான். பால் ஊத்துன காப்பி நெறத்துல வந்துதுன்னா ஆயில்ல தண்ணி கலந்தாச்சுன்னு அர்த்தம். அத வடிச்சு, கழுவி, வேற ஆயில் ஊத்தின பொறவுதான் சாவிக்கு வேல.

இன்சூரன்ஸ் கதைய நெனச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் சிரிப்பு வருது. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டவனுக்கு வெள்ளத்துல காலணா கெடையாது. நீ முழு பாலிசிதான் போட்டிருந்த, சரி. ஆனா தண்ணி ஏறுன வண்டிய ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா சாதாரண பாலிசி கை விரிச்சிரும். அதுக்குன்னு இன்ஜின் புரொடெக்ட்னு தனியா ஒண்ணு சேக்கணும். "எதுக்கு மாமா வெட்டிச் செலவு"ன்ன. அந்தக் காசுல குடும்பத்தோட ஓட்டல்ல பிரியாணி தின்னிய. உலகத்துலயே விலை கூடுன பிரியாணி அதுதான்.

சர்வேயர் வந்து, "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"ன்னாரு. "ரெண்டு தடவ சார்"ன்னு நெஞ்ச நிமுத்திச் சொன்ன அரிச்சந்திரன் நீ. நான் பொய் சொல்லச் சொல்லல. சொன்னாலும் வளஞ்ச ராடு காட்டிக் குடுத்துரும். பிளாஸ்டிக்கு, ரப்பருக்கெல்லாம் தேய்மானம்னு பாதியக் கழிச்சப்ப உன் மூஞ்சியப் பாக்கணுமே. பம்பர் டு பம்பர்னு தனியா சேத்துப் போட்டவனுக்கு அந்தக் கழிவு இல்லன்னு அன்னைக்குத்தான் உனக்குத் தெரிஞ்சுது.

இப்ப டாக்டரு காருக்கு வருவோம். ரிப்பேர்ச் செலவு, பாலிசில வண்டிக்குப் போட்ட மதிப்புல, அதான் ஐடிவில, 75 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா முழு நஷ்டம்னு எழுதிப் பணத்தக் குடுத்துருவாவ. அந்த வண்டி எங்க போவுது? சுடுகாட்டுக்கா? ஏலத்துக்கு. அங்க எடுக்கவன் கழுவி, காயவச்சு, செண்டு தெளிச்சு, பாதி விலைன்னு ஒரு கோட்டிப்பயலத் தேடுதான். உன் போன் நம்பர் எப்படியோ கெடச்சிருக்கு.

மேலப்பாளையம் சந்தையில மாடு புடிக்கணும்னா பல்லப் பாக்கோம், சுழியப் பாக்கோம், நடக்கவிட்டுப் பாக்கோம். காருக்கும் சுழி இருக்கு. சீட் பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழு. வெளிய தெரியற முழம் பளபளன்னுதான் இருக்கும். உள்ள சுருண்டு கெடக்க கடைசி முழத்த எவனும் கழுவியிருக்க மாட்டான். அங்க சேத்துக்கறை கோடு போட்ட மாதிரி நிக்கும். அப்புறம் ஸ்டெப்னி டயரத் தூக்கி அடியில வண்டல் இருக்கான்னு தடவு. மேட்டத் தூக்கி, சீட்டு ஆணில துரு இருக்கான்னு பாரு. கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு, ஏசி போடாம உள்ள செத்த நேரம் இரு. செண்டு ரொம்ப மணந்துதுன்னா சந்தேகப்படு. மல்லியப்பூ வாசம் தாங்கலன்னா அங்க ஏதோ நாறுதுன்னுதான கணக்கு?

என்னல சிரிக்க? "நீங்க ரொம்ப யோக்கியமோ"ன்னா கேக்க? கேளு, உங்க அத்த அடுப்படியில இருக்கா, பைய பேசுவோம். உன் காரு முங்கி ரெண்டே வாரத்துல இங்க நம்ம ஊருப் பக்கமும் வெள்ளம் வந்துதுல்லா. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரவருணி வயக்காட்டுக்குள்ள ஓடுது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்ல சுமார் 800 பேரோட ரயிலே நின்னுபோச்சு. என் பம்புசெட்டு மோட்டாரும் முங்குச்சு. தண்ணி வடிஞ்சு கரண்டு வந்த அன்னைக்கு, "ஓடுதான்னு பாப்போமே"ன்னு நான் சுவிச்சப் போட்டேன். ஒரே ஒரு தடவதான். பொகைய உங்க அத்த வீட்டுல இருந்தே பாத்தா. காயில் கட்டுன செலவ இன்னும் சொல்லிக் காட்டுதா.

அதனாலதான் சொல்லுதேன். முங்குன எதையும் காயறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்காத. பெல்ட்ட இழுத்துப் பாக்காம டாக்டருக்கு அட்வான்ஸ் குடுக்காத.

என்ன, குடுத்துட்டியா? சரி சரி, காப்பி ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்பு, நானும் வாரேன்.